பிஎல்ஏ விளக்கு மூடியில் தீத்தடுப்புக்கு முந்திரி ஓட்டு எண்ணெய் கலக்கலாமா?

சேதராப்பட்டு மோல்டர்:

வணக்கம். புதுச்சேரி சேதராப்பட்டில் சின்னதாக ஒரு இன்ஜெக்சன் மோல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். இதுவரை ஓட்டியது எல்லாம் பிபி, ஏபிஎஸ் தான். இப்போது ஒரு விருந்தினர் விடுதிக்காரர் வந்து, எல்இடி விளக்குகளுக்கு மூடி வேண்டும், மக்கும் பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும், செடிச் சர்க்கரையிலிருந்து வரும் பிஎல்ஏவில் செய்து கொடுங்கள் என்கிறார். சரி, செய்துவிடலாம். ஆனால் அதோடு விடவில்லை. சட்டென்று தீப்பிடிக்கக் கூடாது, வி-0 (யுஎல் 94 என்கிற தீச்சோதனையில், தீ உடனே அணைந்து, சொட்டு கீழே பஞ்சைப் பற்றவைக்காத தரம்) வேண்டும், அதற்காகப் புரோமின் கலந்த பொடி எதையும் போடக் கூடாது, தீத்தடுப்புப் பொருளும் செடி கொடியிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும், கடைசியில் மூடியைக் கழற்றி உரக்குழியில் போட்டால் மக்கிவிட வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போகிறார்.

வெறும் பிஎல்ஏவில் ஒரு பட்டை வார்த்து, பட்டறைக்கு வெளியே கம்பியில் தொங்கவிட்டு லைட்டரைக் காட்டிப் பார்த்தேன். ஏபிஎஸ் மாதிரி கரும்புகை கக்கவில்லை, புகை என்று பெரிதாக ஒன்றுமே இல்லை. ஆனால் எரிந்துகொண்டே சொட்டுகிறது, விழுந்த சொட்டு கீழேயும் எரிகிறது. அடியில் வைத்திருந்த பஞ்சு உடனே பற்றிக்கொண்டது.

என் மாமா பண்ருட்டியில் முந்திரி உடைக்கும் தொழிலில் இருக்கிறார். ஓட்டு எண்ணெயில் பிரேக் லைனிங்கே செய்கிறார்கள், அவ்வளவு சூடு தாங்கும், அதைக் கலந்து பாரேன் என்கிறார். எண்ணெய் எவ்வளவு வேண்டுமானாலும் கிடைக்கும். பிஎல்ஏவில் 10 சதவீதம் கலந்தால் வேலை செய்யுமா? இணையத்தில் தேடினால் லிக்னின், டானின், பைட்டிக் அமிலம் என்று என்னென்னவோ வருகிறது, எல்லாமே ஆய்வகத்தில் கிராம் கணக்கில் செய்தவை. பட்டறை வைத்திருப்பவனுக்குப் புரிகிற மாதிரி யாராவது சொல்லுங்கள்.

கரிமக்காரன்:

முந்திரி எண்ணெயை அப்படியே கலக்காதீர்கள், தீக்குத் தீனி போட்ட மாதிரி ஆகிவிடும். அதில் இருக்கும் கார்டனால் என்பது ஒரு பீனால் வளையம், அதன் பின்னால் 15 கார்பன் நீளத்துக்கு ஒரு வால். வளையம் கரியாக வாய்ப்பு உண்டு, வால் சாதாரண எண்ணெய் மாதிரி எரியும். பிரேக் லைனிங்கில் போடுவது எண்ணெயை இல்லை, அதைப் பார்மால்டிஹைடு போன்றவற்றோடு வினைபுரிய வைத்து, இறுக்கி, கெட்டிப் பிசினாக்கி அரைத்த தூளை. அது வலைபோலப் பின்னிக்கொண்ட பொருள், உருகாது. பிஎல்ஏவில் பச்சையாக ஊற்றினால் கார்டனால் அதை இளக்கத்தான் செய்யும், இளகினால் சொட்டுவது இன்னும் அதிகமாகும்.

உங்கள் மாமா சொன்னதில் ஒரு வழி இல்லாமல் இல்லை. கார்டனாலோடு பாஸ்பரஸைப் பிணைத்தால் கதை வேறு. திருவனந்தபுரத்தில் இருந்த மண்டல ஆராய்ச்சிக்கூடத்தில் 1990களிலேயே பாஸ்பரஸ் ஏற்றிய முந்திரி ஓட்டு எண்ணெயை இயற்கை ரப்பரில் போட்டுப் பார்த்தார்கள். ஜப்பானின் என்இசி நிறுவனம் 2010ல் செல்லுலோசையும் கார்டனாலையும் பிணைத்து ஒரு பிளாஸ்டிக்கையே அறிவித்தது, ஆனால் அங்கே கார்டனால் வந்தது உறுதிக்கும் தண்ணீர் தாங்குவதற்கும், தீத்தடுப்புக்காக அல்ல.

தீத்தடுப்பு எப்படி நடக்கிறது என்று பார்த்தால் எதைத் தேடவேண்டும் என்பது தெரிந்துவிடும். பிளாஸ்டிக் தானாக எரிவதில்லை, சூட்டில் உடைந்து வரும் வாயுதான் எரிகிறது. அந்த வாயு வெளியே வராமலும் வெளிச்சூடு உள்ளே போகாமலும் மேலே ஒரு கரித்தோல் உருவானால் தீ பட்டினி கிடந்து அணையும். அதற்கு மூன்று சரக்கு வேண்டும்: சூட்டில் அமிலம் கொடுப்பது ஒன்று, அந்த அமிலம் பட்டுக் கரியாவது ஒன்று, அப்பளம் பொரிவதுபோல அந்தக் கரியை உப்பவைக்கும் வாயுவைக் கொடுப்பது ஒன்று. வழக்கமாக அமிலத்துக்கு அம்மோனியம் பாலிபாஸ்பேட், கரிக்குப் பென்டாஎரித்ரிட்டால், வாயுவுக்கு மெலமின். செடியிலிருந்து வருவது இதில் எந்த இடத்தை நிரப்பும் என்பதுதான் கேள்வி.

கரி இடத்தை நிரப்பச் செடிக்குப் பஞ்சமே இல்லை. மரத்தை இறுக்கிப் பிடிக்கும் லிக்னின், மாவுச்சத்து, பட்டையில் துவர்க்கும் டானின் எல்லாம் அதற்குத்தான். லிக்னினைக் காற்றில்லாமல் 700 டிகிரி வரை சூடாக்கினாலும் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கரியாக நிற்கும், பிஎல்ஏவோ ஒன்றுமே மிச்சம் வைக்காமல் போய்விடும். அமில இடம்தான் கஷ்டம், ஏனென்றால் அங்கே பாஸ்பரஸ் வேண்டும், செடியில் பாஸ்பரஸ் செறிந்து கிடக்கும் பொருள் அநேகமாக ஒன்றுதான், விதைகளில் இருக்கும் பைட்டிக் அமிலம். அதன் எடையில் 28 சதவீதம் பாஸ்பரஸ். அம்மோனியம் பாலிபாஸ்பேட்டில் 31 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் இது ஒன்றும் இளைத்ததில்லை. அதுவும் நம் ஊரில் எங்கே இருக்கிறது தெரியுமா, தவிட்டில். எண்ணெய் எடுத்த பிறகும் தவிட்டிலேயே தங்கிவிடும், எண்ணெயோடு போகாது. முந்திரிக்குப் பதில் சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கத்து அரிசி ஆலைகளைப் பாருங்கள் என்பேன்.

அதற்காகப் பைட்டிக் அமிலத்தை வாங்கி நேராக ஹாப்பரில் ஊற்றிவிடாதீர்கள். கடையில் வருவது 50 அல்லது 70 சதவீதக் கரைசல், மீதி தண்ணீர். பிஎல்ஏவுக்குத் தண்ணீரும் ஆகாது, அமிலமும் ஆகாது. 190 டிகிரியில் இரண்டும் சேர்ந்தால் சங்கிலி அறுந்து, நாசிலிலிருந்து தேன் மாதிரி ஒழுகும். அதனால்தான் அதை உப்பாக்கிப் போடுகிறார்கள், மெலமின், பைப்பரசீன், அர்ஜினின் என்று நைட்ரஜன் உள்ள ஏதாவது ஒன்றோடு. நைட்ரஜன் இருப்பதால் உப்பவைக்கும் வேலையும் சேர்ந்தே நடந்துவிடும்.

பண்ருட்டிக்காரன்:

மேலே சொன்னது சரி. ஓடு எரியாது என்று யாராவது சொன்னால் எண்ணெய் ஆட்டிய பிறகு மிஞ்சும் பிண்ணாக்கை எங்கே அனுப்புகிறோம் என்று கேளுங்கள், பாய்லருக்கு. கட்டை விலைக்கு மேல் கொடுத்து வாங்குகிறார்கள்.

இன்னொன்று, தம்பி எண்ணெய் நிறையக் கிடைக்கிறது என்கிறார், எந்த எண்ணெய்? ஓட்டிலிருந்து குளிர்ச்சியாக எடுத்தது என்றால் அதில் பெரும்பகுதி அனகார்டிக் அமிலம், தோலில் பட்டால் பொத்துவிடும். கொட்டை உடைக்கிற பெண்கள் கையில் சாம்பலோ விளக்கெண்ணெயோ தடவிக்கொண்டு உட்காருவது சும்மா இல்லை. அதைச் சூடாக்கினால் கரியமில வாயு வெளியேறி, பிறகுதான் கார்டனால். நன்றாகச் சூடாக்காத எண்ணெயை உங்கள் மெஷினில் பிளாஸ்டிக் உருகும் பேரலில் விட்டால் அந்த வாயு உள்ளே கிளம்பி, வார்ப்பு முழுக்கக் குமிழி விழும். வாங்குவதாக இருந்தால் முந்திரி ஓட்டு எண்ணெய்க்கான ஐஎஸ் 840 தரத்துக்கு உட்பட்டது என்று எழுதி வாங்குங்கள், டின்னில் ஊற்றிக் கொடுப்பதை நம்பாதீர்கள்.

நிறத்தையும் யாரும் சொல்லவில்லை. எண்ணெய் செம்பழுப்பு, நாள்பட்டால் கறுப்பு. விளக்கு மூடி என்கிறீர்கள், வெளிச்சம் வெளியே வரவேண்டாமா?

உப்பனாறு:

நான் வேதியியல்காரன் இல்லை. கடலூரில் ஒரு தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் குடியிருப்பவன், அவ்வளவுதான். செடியிலிருந்து வந்தது என்றதும் எல்லோருக்கும் மனசு குளிர்ந்துவிடுகிறது, அதனால் கேட்கிறேன். முந்திரி எண்ணெயில் பாஸ்பரஸ் ஏற்றலாம் என்று சொன்னீர்களே, எதை வைத்து ஏற்றுவார்கள்? படித்துப் பார்த்தவரை பல செய்முறைகளில் பாஸ்பரஸ் ஆக்சிகுளோரைடு. அது ஈரக்காற்று பட்டாலே ஹைட்ரஜன் குளோரைடு புகையும். ஐப்பசி மாதத்தில் எங்கள் ஊர்க் காற்றில் இருக்கிற ஈரத்துக்கு அந்த டிரம்மைத் திறந்து வைத்தால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். மூலப்பொருள் பண்ருட்டி முந்திரித் தோப்பிலிருந்து வரும், புகை எங்கள் தெருவுக்கு வரும், அட்டையில் மட்டும் பச்சை இலை.

புரோமின் வேண்டாம் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. புரோமின் தீத்தடுப்புகளில் பென்டா, ஆக்டா வகைகளை, மக்காத நச்சுகளைத் தடுக்கும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில் 2009லேயே சேர்த்தார்கள், டெக்கா 2017ல் சேர்ந்தது. காரணம் அவை மக்குவதில்லை, உடம்புக் கொழுப்பில் தங்கிவிடும். ஆனால் அதற்கு மாற்றாக வருவதையும் எங்கே, எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டுவிட்டுத்தானே வாங்கவேண்டும்.

கரிமக்காரன்:

உப்பனாறு கேட்பது நியாயம். பைட்டிக் அமில உப்புக்கு ஆக்சிகுளோரைடு தேவையில்லை, பாஸ்பரஸைச் செடியே ஏற்றி வைத்திருக்கிறது, தண்ணீரிலேயே உப்பாக்கலாம். லிக்னினில் பாஸ்பரஸ் ஏற்றும் வேலைக்குத்தான் சிலர் அந்தப் பக்கம் போகிறார்கள், அதற்கும் பைட்டிக் அமிலம், பாஸ்பாரிக் அமிலம் யூரியா என்று வேறு வழிகள் உண்டு. ஆனால் தவிட்டிலிருந்து பைட்டிக் எடுப்பதும் சும்மா இல்லை. நீர்த்த அமிலத்தில் ஊறவைத்து, வடிகட்டி, சுண்ணாம்பு போட்டுப் படியவைக்க வேண்டும். அந்தக் கழுவு தண்ணீருக்கு ஒரு வழி பண்ணவேண்டும், அதைக் கால்வாயில் விட்டால் நீங்கள் சொன்ன கதைதான்.

சேதராப்பட்டு நண்பருக்கு மக்குவது பற்றி ஒன்று. வாடிக்கையாளர் கேட்பதில் பெரிய சிக்கல் இங்கேதான் இருக்கிறது, தீயில் இல்லை. மக்கும் பிளாஸ்டிக் என்று சொல்ல ஐஎஸ்ஓ 17088 தரம், நம் நாட்டிலும் அதையேதான் ஏற்கிறார்கள். அதில் சேர்மானப் பொருள் ஒவ்வொன்றும் 1 சதவீதத்துக்குள், எல்லாம் சேர்த்து 5 சதவீதத்துக்குள் இருந்தால் தனித்தனியாக மக்கும் சோதனை கேட்கமாட்டார்கள். தாண்டினால் ஒவ்வொன்றும் மக்குகிறது என்று காட்டவேண்டும். லிக்னின் பாலிபாஸ்பேட் கூட்டில் வி-0 வாங்கப் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கு மேல் போகும். அப்புறம் எப்படி 5க்குள் நிற்பது? ஐரோப்பாவின் இஎன் 13432ல் மரநார், பருத்தி, மாவு, சணல் போன்ற வேதிமாற்றம் செய்யாத இயற்கைப் பொருளைச் சோதனையில்லாமல் ஏற்கிறார்கள், ஆனால் பாஸ்பரஸ் ஏற்றிய கணத்தில் அந்தச் சலுகை போய்விடும். தீத்தடுப்பு நன்றாக வேலை செய்யவேண்டும் என்று எதைச் செய்கிறோமோ, அதுவே மக்குவதற்குக் குறுக்கே வருகிறது. இதை வாடிக்கையாளரிடம் இப்போதே பேசிவிடுங்கள், அச்சு வெட்டிய பிறகு பேசினால் சண்டைதான் வரும்.

பைட்டிக் உப்பில் சில சதவீதத்திலேயே வி-0 வந்ததாகக் கட்டுரைகள் உண்டு. அவற்றைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பல நேரம் அந்த வி-0 கரித்தோலால் வந்ததாக இருக்காது, பட்டை சட்டென்று உருகிச் சொட்டி, சூட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு கீழே விழுந்துவிடும், சொட்டு எரியாததால் பஞ்சு பற்றாது, பாஸ். சோதனைப்படி அது சரியான வி-0 தான். ஆனால் தடிமனை மாற்றினால் முடிவும் மாறும். யுஎல் 94 மதிப்பெண் எப்போதும் சோதித்த தடிமனுக்கு மட்டும்தான், 3.2 மில்லியில் வாங்கிய வி-0வை 1.5 மில்லி மூடிக்குக் காட்ட முடியாது.

அரியாங்குப்பம் டூல்ரூம்:

வேதியியல் எல்லாம் இருக்கட்டும். அண்ணே, அந்த விடுதிக்காரருக்கு வி-0 உண்மையிலேயே தேவையா என்று முதலில் கேட்டீர்களா? சுவிட்ச், சாக்கெட் மாதிரி மின்சாரம் பாயும் பாகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் என்றால் 850 டிகிரி குளோ வயர் (சூடான கம்பிச் சோதனை) கேட்பார்கள், அங்கே பிஎல்ஏ நினைக்கவே வேண்டாம். விளக்கில் மின்சாரம் கை படாமல் மறைக்கும் பாகத்துக்கு 650 டிகிரி, பழுக்கக் காய்ந்த கம்பியை வைத்து எடுத்தால் 30 விநாடிக்குள் அணையவேண்டும், கீழே விரித்த மெல்லிய தாள் பற்றக்கூடாது. உங்களுடையது வெளியே சும்மா அழகுக்கு மாட்டும் மூடியா, இல்லை உள்ளே எல்இடிக்கு மின்சாரம் கொடுக்கும் டிரைவரையும் மூடுகிறதா? வெறும் அழகுக்கு என்றால் ஹோல்டரையும் டிரைவரையும் ஏற்கெனவே சான்று வாங்கிய பாலிகார்பனேட்டில் வைத்துவிட்டு, வெளிமூடியை மட்டும் பிஎல்ஏவில் வையுங்கள், இடைவெளி தாராளமாக விடுங்கள். வி-0 என்கிற பேச்சே பாதி குறைந்துவிடும்.

தீயை விடப் பெரிய தலைவலி சூடு. சாதாரண பிஎல்ஏ 55, 60 டிகிரியில் தளர ஆரம்பிக்கும். விடுதியில் யாராவது எல்இடியைக் கழற்றிவிட்டு பழைய 60 வாட் குண்டு பல்பைப் போட்டால் அன்று ராத்திரியே மூடி தொங்கிவிடும். சித்திரை வெயிலில் வேனுக்குள் பெட்டி போட்டு அனுப்பினாலே கோணிக்கொண்டு போன சரக்கைப் பார்த்திருக்கிறேன். படிகமாகும் ரகம் வாங்கி, அச்சை 100 டிகிரி பக்கம் சூடாக வைத்து ஓட்டினால் தாங்கும், ஆனால் சைக்கிள் நேரம் கூடும், விலையும் அப்படியே.

சேதராப்பட்டு மோல்டர்:

எல்லோருக்கும் நன்றி. மாமாவிடம் எண்ணெய் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், கொஞ்சம் வருத்தம்தான் அவருக்கு. விடுதிக்காரரிடமும் பேசினேன். டிரைவர் தனிப் பெட்டியில் சுவரில் போகிறது, மூடி வெளியே தொங்குவது மட்டும். மக்கும் என்கிற சான்றுதான் அவருக்கு முக்கியமாம், தீ விஷயத்தில் குறைந்தது சொட்டி எரியாமல் இருந்தால் போதும் என்று இறங்கி வந்தார். நிறம் பழுப்பாக இருந்தாலும் பரவாயில்லை, மண் நிறம் அவருக்குப் பிடிக்குமாம், அதுவரைக்கும் நல்லது.

இப்போது என் திட்டம், 5 சதவீதத்துக்குள் நிற்கிற மாதிரி பைட்டிக் உப்பு, கூடவே மாற்றம் செய்யாத ஏதாவது. உமிச் சாம்பலில் சிலிக்கா 85 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது என்கிறார்கள், அதைக் கொஞ்சம் போட்டால் சொட்டுவது குறையுமா? சவுக்குப் பட்டையில் டானின் உண்டே, இங்கே கடலோரம் முழுக்கச் சவுக்குதான், பட்டை சும்மா கிடக்கிறது.

கரிமக்காரன்:

உமிச் சாம்பல் குறைக்கும். தூள் உருகலைக் கெட்டியாக்கும், மேலே கரியோடு சேர்ந்து நிற்கும். ஆனால் பாய்லரிலிருந்து அள்ளிய கறுப்புச் சாம்பலைப் போடாதீர்கள். எரியாத கரியும் பொட்டாசியம் உப்பும் இருக்கும், பொட்டாசியம் காரமாக நின்று பிஎல்ஏவை அறுக்கும். அமிலத்தில் கழுவி, வெண்மையாகும்வரை சுட்டது வேண்டும். அளவும் பார்த்துப் போடுங்கள், சாம்பல் கனிமம் என்றாலும் கூடிப்போனால் தட்டினால் உடையும் மூடியாகிவிடும்.

சவுக்குப் பட்டை டானின் கரியாகும், சந்தேகமில்லை. பட்டைத் தூளை அப்படியே போட்டால் வேதிமாற்றம் இல்லை என்று வாதாடலாம், ஆனால் தூள் ஈரத்தை இழுக்கும், நாற்றமும் வரும். 190 டிகிரிக்கு மேல் பேரலை ஏற்றாதீர்கள். கலவையை நேராக மோல்டிங் மெஷினில் கலக்காமல், இரட்டைத் திருகு எக்ஸ்ட்ரூடர் இருக்கும் இடத்தில் கொடுத்து மாஸ்டர்பேட்ச் (சேர்மானம் செறிவாகக் கலந்த குருணை) ஆக்கி வாங்குங்கள். சென்னை கிண்டியில் மத்திய அரசின் பிளாஸ்டிக் நிறுவனமான சிப்பெட்டில் சோதனை வசதி உண்டு, யுஎல் 94 அங்கேயே பார்த்துவிடலாம். அதற்கு முன் பட்டறையிலேயே ஒரு சல்லடை போட்டுவிடுங்கள். 125 மில்லி நீளம், 13 மில்லி அகலத்தில் பட்டை, உங்கள் மூடியின் தடிமனிலேயே. மேல்முனையைக் கிளிப்பில் மாட்டி, கீழே 300 மில்லி தள்ளிப் பஞ்சு, 20 மில்லி உயரச் சுடரை 10 விநாடி காட்டி எடுங்கள், அணைந்ததும் மறுபடி 10 விநாடி. விசிறியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். பஞ்சு பற்றுகிறதா இல்லையா என்பதை மட்டும் பார்த்தாலே எந்தக் கலவையைச் சென்னைக்கு அனுப்பலாம் என்று தெரிந்துவிடும்.

சேதராப்பட்டு மோல்டர்:

சரி சார், அப்படியே செய்கிறேன். கடைசியாக ஒன்று, உலர்த்துவது எப்படி? ஏபிஎஸ்ஸுக்கு வைக்கும் அதே 80 டிகிரி ஹாப்பர் ட்ரையர் போதுமா?

அரியாங்குப்பம் டூல்ரூம்:

வாங்கின குருணை பால் மாதிரி வெள்ளையாக இருக்கிறதா, கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள் அண்ணே. வெள்ளையாக இருந்தால் படிகமானது, 80 டிகிரியில் நான்கு மணி நேரம் ஓடட்டும். தெளிவாக இருந்தால் 45க்கு மேல் போகாதீர்கள், ஹாப்பருக்குள்ளேயே ஒட்டிக் கட்டியாகி, கம்பி விட்டுக் குத்தி எடுக்கவேண்டி வரும், அதற்கு நேரம்தான் கூட வேண்டும். ஈரம் 250 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 250 பங்கு) கீழே வரவேண்டும், மழைக்காலத்தில் வெறும் சூடான காற்று ட்ரையர் போதாது, ஈரம் உறிஞ்சும் ட்ரையர் யாரிடமாவது வாடகைக்குப் பாருங்கள். மேட்டுப்பாளையம் எஸ்டேட் பக்கம் பெட் பாட்டில் ஓட்டுகிறவர்களிடம் கேளுங்கள், அவர்களுக்கு அது இல்லாமல் ஓடாது. மாஸ்டர்பேட்சையும் சேர்த்தே உலர்த்துங்கள், பட்டைத் தூள் போட்டது என்றால் முதலில் அதைத்தான்.